மரத்துக்குள் போன செம்புக் கம்பி

எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி மெத்தென்று இருக்கும். நெருப்பில் ஒருமுறை வெந்துவிட்டதால் விரலுக்கு வளையும், வளைத்த இடத்திலேயே நிற்கும். கடையில் அதைப் பழைய செம்பு என்று எடைக்குப் போடுவோம். அந்தக் கம்பியைத்தான் நான் ஒரு இச்சிச் செடியின் உடம்பில் சுற்றினேன். சுற்றிய அன்று என் மனைவி முழுகாமல் இருந்தாள். அது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அன்னவாசலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்த மோட்டாருக்குள் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. சுற்றுப்பட்டு ஊர்களில் போர் மோட்டார் புகைந்தால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கரண்டில் வேலை செய்கிறவன் தைரியசாலியாக இருப்பான் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பயந்தாங்கொள்ளி. காயில் கட்டி முடித்து முதல் தடவை சுவிட்சைப் போடும்போது இன்றைக்கும் என் ஒரு கால் வாசலுக்கு வெளியேதான் இருக்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்களுக்கு முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அடுத்தது ஐந்தாம் மாதத்தில். இரண்டாவதற்குப் பிறகு என் மனைவி தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டாள். கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு துணி காயும் கொடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். எதையாவது சொல்லி அவள் அழுதுவிடுவாளோ என்ற பயத்தில் நான் கடையிலேயே கூடுதல் நேரம் இருந்தேன்.

அப்போதுதான் கரண்டு லைனில் உரசுகிறதென்று ரோட்டோர இச்சி மரத்தின் கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். இச்சி, அத்தி வகையைச் சேர்ந்தது, ஆலமரத்துக்குப் பங்காளி. சின்ன இலை, சின்னப் பழம். சுவரோ பாறையோ, எதில் விழுந்தாலும் வேர் பிடித்துக்கொள்ளும். ஃபோனில் போன்சாய் வீடியோ பார்க்கிற பழக்கம் எனக்கு ஏற்கெனவே இருந்தது. ஒரு முழ உயரம்கூட இல்லாத மரம், நூறு வயதுக் கிழவனைப் போல விழுது விட்டு நிற்கும். பெருவிரல் தடிமனுக்கு ஒரு குச்சியை நறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவியைத் தேற்ற வேண்டும் என்றெல்லாம் யோசித்துச் செய்ததில்லை. கையை எதிலாவது வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வெட்டுவாயில் பால் வடிந்து நிற்கும்வரை நிழலில் வைத்தேன். நுனியில் சில இலைகளை மட்டும் பாதி பாதியாக விட்டு மற்றதைக் கிள்ளினேன். ஆற்றுமணலும் செம்மண்ணும் கலந்து குச்சியை நட்டு, மேலே ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்து மூடினேன். என் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது பிடிக்குமா?”

“இச்சி பிடிக்காம எங்க போகும்?”

“எதையும் அப்படிச் சொல்லாதீங்க” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டாவது தடவை நாள் தள்ளிப்போனபோதும் நான் இதே மாதிரிதான், “இந்தத் தடவை எங்க போகும்” என்று சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து அவள் அந்தப் பையைத் தினமும் வந்து பார்த்தாள். பைக்குள் நீர்த்துளி கோத்திருப்பதைப் பார்ப்பாள், தொடமாட்டாள். நானும் வேர் விட்டதா என்று இழுத்துப் பார்க்கவில்லை. பழைய இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்தபோது இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் நடமாடினோம். பிறகு ஒரு காலையில் அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். குச்சியின் பக்கவாட்டில் சிவப்பாக, ஊசிமுனை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. “எலை” என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்று அவள் தலைவாரிப் பூ வைத்தாள்.

செடி வளர்ந்தது. அதற்குத் தொட்டியாக ஒரு பழைய மோனோபிளாக் மோட்டாரின் இரும்பு மூடியைக் கொடுத்தேன். வட்டமாக, ஆழமில்லாமல் இருக்கும். நடுவில் மோட்டாரின் ஷாஃப்ட் வருகிற ஓட்டை தண்ணீர் வடிய ஏற்றது. ஓட்டையில் வலைத்துண்டு போட்டு, செம்புறாங்கல் என்கிற சிவப்புப் பாறைக்கல்லில் ஒரு துண்டை வைத்து, அதன்மேல் வேர் பரவும்படி நட்டேன். வெயிலில் இரும்பு காயுமென்று துவைக்கிற கல்லின் நிழல் பக்கமாக வைத்தோம். தண்டு தடிக்க வேண்டுமென்று நுனியை வெட்டிவிடுவேன். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வரும். அதில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை எடுப்பேன். என் மனைவி அதற்குச் சின்னவன் என்று பெயர் வைத்திருந்தாள். “சின்னவனுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் போய் மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். அது பட்டுப்போனால் இவள் என்ன ஆவாள் என்று நினைப்பேன். மோட்டார் கருகினால் திரும்பக் காயில் கட்டலாம். செடிக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு வருஷத்தில் சின்ன மரம் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. ஆனால் கிளைகள் விறைப்பாக மேலே நின்றன. வயதான மரத்துக்குக் கிளை பக்கவாட்டில் படர்ந்து தாழ்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் கம்பி. ஒரு மாசி மாதத்து மத்தியானம் உட்கார்ந்து, தண்டின் அடியில் தொடங்கி ஒவ்வொரு கிளையாகச் செம்புக் கம்பியைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போய், பிறகு கிளையோடு சேர்த்து மெல்ல வளைத்தேன். காயில் சுற்றுகிற கை என்பதால் சுற்று ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில் விழுந்தது. எழுந்து தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கர்வமாக இருந்தது. அடிக்கிளை ஒன்று தண்ணீரைத் தொடக் குனிவது போல வந்திருந்தது. அவளுக்கு அந்தக் கிளைதான் ரொம்பப் பிடித்தது. கம்பியைச் சில மாதங்களில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு தடிக்கத் தடிக்கக் கம்பி பட்டையைக் கடிக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

பங்குனியில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நான் கம்பி சுற்றிய அன்றே பிள்ளை வயிற்றில் இருந்திருக்கிறது.

குளத்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து என் மாமியார் உடனே பஸ் ஏறி வந்தார்கள். மகளின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு நேரே கொல்லைக்குப் போய் மரத்தைப் பார்த்தார்கள்.

“மாப்ள, பிள்ளை பொறக்குற வரைக்கும் இதுல கத்தி கித்தி வச்சிராதீங்க. வயித்துப் பிள்ளைக்காரி புருசன் மரஞ்செடிய வெட்டப்புடாது. தொடவே வேணாம்.”

“சரி அத்தை.”

“சவரமும் பண்ணாதீங்க.”

“காயில் கட்டலாமா அத்தை? அதுவும் சுத்துறதுதானே?” என்று பாதி கேலியாகத்தான் கேட்டேன்.

“தொழிலு வேற. அது இரும்பு, உசிரில்லாதது” என்றார்கள். அத்தைக்குக் கேலி உறைக்காது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இரண்டு தடவை இழந்தவனுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கிற சலுகை கிடைப்பதில்லை. மரத்திலிருந்து கையை எடுத்தேன். தாடி வளர்ந்தது. கடைக்கு வருகிறவர்கள் “மால போட்டிருக்கீங்களாண்ணே?” என்று கேட்டார்கள். சித்திரை மாசத்தில் என்ன மாலை என்று நானும் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தச் சித்திரையிலேயே கம்பியைக் கையால் அவிழ்த்திருக்கலாம். கத்தியே தேவைப்பட்டிருக்காது. ஆனால் அவிழ்ப்பது தொடுவதில் சேருமா சேராதா? அத்தையிடம் கேட்டால் “கம்பிய வேற சுத்தி வச்சிருக்கீங்களா” என்பார்கள். மனைவியிடம் கேட்டேன். “தொடாதீங்க, போதும்” என்றாள். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்திக்கொண்டோம். அவள் அதைச் சின்னவன் என்று கூப்பிடுவதையும் நிறுத்தியிருந்தாள்.

முதலில் கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே நகம் நுழைந்தது. ஆடியில் நுழையவில்லை. ஆவணியில் மழை விழுந்ததும் பட்டை இரண்டு பக்கமும் உப்பி, கம்பி பள்ளத்தில் கிடந்தது. வளைகாப்பு முடிந்து அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிய பிறகு, தினமும் கடைக்குப் போகும் முன் நான் கொல்லையில் நின்று அதைப் பார்ப்பேன். கழுத்துப்பட்டி இறுகிய ஆளைப் பார்ப்பது போல இருக்கும். அப்படியே திரும்பி வந்துவிடுவேன்.

ஐப்பசியில் ஸ்கேன் எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போனோம். டாக்டரம்மா திரையைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னார்கள்.

“கழுத்துல கொடி சுத்தியிருக்கிற மாதிரி தெரியுது. பயப்படாதீங்க, நிறையப் பிள்ளைங்க இப்படித்தான் பொறக்குதுங்க. அசைவு மட்டும் நல்லாக் கவனிச்சுக்கங்க. கொறஞ்சா உடனே வந்துருங்க.”

பயப்படாதீங்க என்ற சொல் மட்டும்தான் எனக்கு மண்டைக்குள் நின்றது. வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் கம்பி இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

அவள் என் கையை விட்டுவிட்டு ஆட்டோவை நிறுத்தினாள். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஊரிலுள்ள மோட்டாருக்கெல்லாம் கம்பி சுற்றுகிறவன், உயிருள்ள ஒன்றையும் சுற்றி வைத்திருக்கிறான். இப்போது உள்ளே ஒரு கழுத்தில் சுற்று விழுந்திருக்கிறது. இது அறிவில்லாத கணக்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வழி முழுக்க அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

மாமியார் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அத்தையின் கை முதலில் மகளின் வயிற்றுக்குப் போனது. அடுத்து அவர்கள் கண் வாசலுக்குப் போனது. அங்கே என் மச்சினன் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். குவைத்தில் ஏசி மெக்கானிக். அக்காவுக்குப் பிள்ளை பிறக்கும்போது கூட இருக்க வேண்டும் என்று லீவு போட்டு வந்திருந்தான். அத்தைக்கு இவர்கள் இருவர்தான் பிள்ளைகள். கொடி சுற்றிப் பிறக்கிற பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பிறந்ததும் மாமன் பிள்ளையை நேரே பார்க்கக் கூடாது. கிண்ணத்து நல்லெண்ணெயில் தெரிகிற அதன் முகத்தைப் பார்த்த பிறகுதான் பிள்ளையைப் பார்க்கலாம். அதுவரைக்கும் மாமனுக்கு எதுவும் நேரலாம். பேரப்பிள்ளை நல்லபடி பிறக்க வேண்டும் என்று வேண்டினால் மகனுக்கு ஆகாது, மகனுக்காக வேண்டினால் எதை வேண்டுவது? அத்தை விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் அன்னவாசலுக்கு வந்து நின்றான்.

“மச்சான், அந்த மரம் எங்க?”

“எதுக்கு?”

“அக்கா சொல்லுச்சு. கம்பிய எடுத்துருவோம். சைடு கட்டர் இருக்கா?”

“அத்தை வெட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மாப்ளே.”

“ஆத்தா ஒங்களத்தான் சொல்லுச்சு. என்னைய ஒண்ணும் சொல்லலயே.”

சட்டத்தில் இப்படி ஒரு சந்து இருப்பது எனக்கு எட்டு மாதமாகத் தோன்றவில்லை. மரத்தைத் தூக்கித் துவைக்கிற கல்லில் வைத்தான். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தப்பித்தவறி விரல் பட்டுவிடுமோ என்று பயம்.

“சுத்திச் சுத்தி அவுக்காத. ஒவ்வொரு சுத்தா நறுக்கி எடு. பட்டைய இழுக்காத.”

“மச்சான், நான் கம்ப்ரசர் பிரிக்கிறவன். இது எனக்குப் பாடமா?”

“மெதுவா, மெதுவா.”

“நீங்க பேசாம இருந்தா மெதுவா வரும்.”

மேல்கிளைகளில் கம்பி சுலபமாக வந்தது. நறுக்கிய துண்டுகள் கல்லில் விழும்போது கிணிங் என்று கேட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் என் நெஞ்சில் ஒரு சுற்று தளர்ந்தது. அடிக்கிளைக்கு வந்தான். அதில் கம்பி பாதிக்கு மேல் பட்டைக்குள் போயிருந்தது. கட்டரின் முனையை நுழைத்து லேசாக நெம்பினான்.

டப்பென்று சத்தம். கிளை முறிந்து அவன் கையோடு வந்துவிட்டது.

முறிந்த இடத்திலிருந்து வெள்ளையாகப் பால் பொங்கி வடிந்தது. அவன் பெருவிரலை அதன்மேல் அழுத்திப் பிடித்தான், காயத்தில் ரத்தத்தை நிறுத்துகிற மாதிரி. விரல் இடுக்கில் பால் வழிந்தது. நான் ஃபோனை எடுத்து மனைவிக்குப் போட்டேன். இரண்டாவது தடவைதான் போனது.

“பிள்ளை அசையுதா?”

“இப்பத்தான் ஒதைச்சுச்சு. ஏங்க?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

“கம்பிய எடுத்தாச்சா?”

“எடுத்துக்கிட்டே இருக்கோம்” என்று சொல்லி வைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தண்டின் அடியில் ஒரு சுற்று மட்டும் மிச்சம். அதை எடுக்க முடியவில்லை. மரம் அதை முழுசாக விழுங்கியிருந்தது. பட்டையில் ஒரு தழும்புதான் தெரிந்தது, செம்பு தெரியவில்லை. அதை எடுக்க வேண்டுமென்றால் தண்டைச் சுற்றிலும் குடைய வேண்டும், குடைந்தால் மரம் நிற்காது. விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தோம். மச்சினன் கையைக் கழுவினான். இச்சிப்பால் சோப்புக்குப் போகாது, பிசுபிசுவென்று விரலில் நின்றது.

“மச்சான், கெள முறிஞ்சத ஆத்தாட்டச் சொல்லாதீங்க” என்றான்.

அக்காவிடம் சொல்லாதீங்க என்று அவன் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். ஏன் அத்தையிடம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என் பயமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்த ஒரு நாள் காலையில் வலி கண்டது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். மச்சினன் மாடிக்கு வரக் கூடாதென்று அத்தை அவனை எதிர்த்த டீக்கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்தார்கள். வலி வரும்போது பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது, கொஞ்ச நேரம் பார்ப்போம், இல்லாவிட்டால் ஆபரேஷன் என்றார்கள். நான் தலையாட்டினேன்.

அத்தை முந்தானையில் முடிந்திருந்த முடிச்சை அவிழ்த்தார்கள். கொண்டையை அவிழ்த்து விட்டார்கள். தூக்குவாளியின் மூடியைத் திறந்தார்கள்.

“கட்டுனது முடிஞ்சது எல்லாத்தையும் அவுத்து விடுங்க மாப்ள, பிள்ளை லேசா வெளிய வரும். வீட்டுலயும் கதவு பொட்டி எல்லாம் தெறந்து போட்டுத்தான் வந்திருக்கேன்.”

நான் வாட்சைக் கழற்றினேன். அரைஞாண் கயிற்றை அறுத்தேன். சட்டைப் பொத்தானைக்கூடத் திறந்துவிட்டேன். பார்த்தவர்களுக்கு நான் சண்டைக்குத் தயாராகிறவன் மாதிரி இருந்திருக்கும். எல்லாம் அவிழ்ந்துவிட்டதா என்று நினைக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. தண்டின் அடியில், பட்டைக்குள்ளே ஒரு சுற்று.

படிக்கட்டுக்கு ஓடி மச்சினனுக்கு ஃபோன் போட்டேன்.

“மாப்ளே, இப்பவே அன்னவாசலுக்குப் போ. அடியில இருக்கிற அந்த ஒரு சுத்தையும் எடுத்துரு.”

“அத நோண்டுனா மரம் பட்டுப்போயிரும் மச்சான்.”

“போகட்டும்.”

டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “சரி, போறேன்” என்றான். பைக்கை உதைக்கிற சத்தம் கேட்ட பிறகு ஃபோன் அடங்கியது.

அவன் ஊர் எல்லையைத் தாண்டியிருப்பானோ என்னவோ, அதற்குள் உள்ளேயிருந்து அழுகை கேட்டது. முதலில் அது பக்கத்து அறை என்று நினைத்தேன். நர்ஸ் கதவைத் திறந்து, பெண் குழந்தை என்றார்கள். தானாகவே பிறந்துவிட்டது. தாய் நன்றாக இருக்கிறாள். பின்னால் வந்த டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி, “ரெண்டு சுத்து இருந்துச்சு. லூசாத்தான் இருந்துச்சு, விரலாலயே எடுத்து விட்டுட்டோம்” என்றார்கள்.

விரலாலேயே. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். அத்தையும் அழுதார்கள். அழுகை முடிவதற்குள்ளேயே என் சட்டையைப் பிடித்தார்கள்.

“ரெண்டு சுத்தா? தம்பி எங்க? நல்லெண்ணெய் வாங்கணும். அதுவரைக்கும் அவன எங்கிட்டும் நகர விடாதீங்க மாப்ள.”

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. கொடி சுற்றிப் பிள்ளை பிறக்கிற நேரத்தில், தாய்மாமனைக் கொட்டுகிற மழையில், ஜல்லி லாரிகள் விரட்டிக்கொண்டு ஓடுகிற ரோட்டில் பைக்கில் அனுப்பியிருக்கிறேன். நானே கூப்பிட்டு, நானே அனுப்பியிருக்கிறேன்.

ஃபோன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க அனுப்புனீங்க?”

சொன்னேன். அத்தை அவிழ்த்த கூந்தலோடு படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு அவர்களால் உட்காரவும் முடியவில்லை. இருவரும் கீழே இறங்கி வாசலில் நின்றோம். பிள்ளையைத் துணியில் சுற்றி அப்பாவிடம் காட்டுவதற்காக மேலே கூப்பிட்டார்களாம், எனக்குக் கேட்கவில்லை. தூரத்தில் வருகிற ஒவ்வொரு பைக்கின் வெளிச்சத்தையும் பார்த்தேன். எல்லாம் வேறு யாரோ. இந்த மூடத்தனத்தையெல்லாம் இத்தோடு விட்டுவிடுகிறேன், அவன் மட்டும் வந்து சேரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலிலும் ஒரு மூடத்தனம் இருப்பது அப்போது தெரியவில்லை.

இருட்டத் தொடங்கும்போது வந்தான். தலை முதல் கால்வரை நனைந்திருந்தான். ஃபோன் நனையக் கூடாதென்று சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறான். அத்தை அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்கள். அடித்த கையாலேயே முந்தானையை இழுத்து அவன் தலையைத் துவட்டினார்கள். அவன் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

“எடுக்கல மச்சான். கட்டரப் பட்டைக்கிட்ட வரைக்கும் கொண்டுபோயிட்டேன். கெள முறிஞ்ச எடத்துக்குக் கீழ ரெண்டு துளிரு வந்திருக்கு. அதப் பாத்த பொறகு கை வரல. திட்டாதீங்க.”

நான் திட்டவில்லை. முறிந்ததிலிருந்து நான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காததால் துளிர் வந்தது எனக்குத் தெரியாது. அவனுடைய ஈரச் சட்டையோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தேன். அவன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அத்தை வந்தார்கள். மச்சினன் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, கிண்ணத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தான். நான் பிள்ளையைத் தூக்கி அவன் தோளுக்கு மேலாகக் காட்டினேன். கட்டிலில் படுத்திருந்த என் மனைவி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியுதா?” என்றார்கள் அத்தை.

“மச்சான் தாடிதான் தெரியுது. பிள்ளைய மறைக்குது. அத மொதல்ல எடுக்கச் சொல்லுங்க.”

என் மனைவி சிரித்துவிட்டு, வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எண்ணெய் அலைந்துகொண்டே இருந்தது. கிண்ணம் அசைந்தால் முகம் எப்படித் தெரியும்? அவன் கை அப்படி நடுங்கியது. அன்று குளிர் இல்லை, அறைக்குள் நல்ல வெயில் விழுந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து இவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். கிளை முறிந்ததை அத்தையிடம் சொல்லாதீங்க என்றது அதனால்தான், தெரிந்தால் அத்தை அதை அவனுக்கு வந்த சகுனமாக எடுத்துக்கொள்வார்கள். அக்காவுக்காக, பிள்ளைக்காக, அத்தைக்காக எல்லோரும் வாய்விட்டுப் பயப்பட்டோம். அவனுக்கு மட்டும் அந்த வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை. போ என்று நான் சொன்னதும் அவன் அந்தப் பயத்தோடேயே மழையில் கிளம்பிப் போயிருக்கிறான். பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவனுடைய கிண்ணத்தைத் தாங்கினேன். எண்ணெய் மெல்ல அடங்கியது.

“மூக்கு அக்கா மாதிரி” என்றான்.

அவன் குவைத்துக்குத் திரும்பிப் போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன. நான் சவரம் செய்துவிட்டேன். மரத்தில் திரும்பக் கத்தி வைக்கலாம், இன்னும் வைக்கவில்லை. முறிந்த இடத்துக்குக் கீழே வந்த துளிர்கள் கிளையாகி, கம்பி இல்லாமலேயே அதது தோன்றிய பக்கம் போகின்றன. அடியில் தண்டு மோதிரம் போட்டது போலப் புடைத்திருக்கிறது. உள்ளே செம்பு இருக்கிறதென்று எனக்கும் மச்சினனுக்கும் தெரியும், மனைவியிடம் நாங்கள் சொல்லவில்லை. என் மகள் கழுத்து நின்று, குப்புற விழப் பழகிக்கொண்டிருக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு என் மனைவி அந்தப் பக்கம் போகும்போது நான் எதையாவது சொல்லி வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

அத்தை அந்த மரத்தை வீட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கம்பியை எடுத்தது யார், மழையில் போயும் அந்த மரத்தைக் குடையாமல் விட்டு வந்தது யார் என்பதையெல்லாம் அவனே ஊருக்குப் போகும் முன் அவர்களிடம் சொல்லியிருக்கிறான் போல. இப்போது வாரத்தில் பாதி நாள் கடைக்கு ஃபோன் வருகிறது. பேத்தியைப் பற்றிக் கேட்பார்கள், மகளைப் பற்றிக் கேட்பார்கள். மகனைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கடைசியாக, ஃபோனை வைக்கப் போகிற மாதிரி, “மரம் நல்லாருக்கா மாப்ள?” என்பார்கள்.

நேற்றும் கேட்டார்கள். நான் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நல்லாருக்கு அத்தை. புது எலை விட்டிருக்கு” என்றேன். உண்மையில் நான் அதைப் பார்த்துச் சில நாளாகியிருந்தது.

ஃபோனை வைத்துவிட்டு, கை எண்ணெயைக்கூடத் துடைக்காமல் ஷட்டரை இறக்கிவிட்டு மரத்தைப் பார்க்க வீட்டுக்குப் போனேன்.